வாசகர் கேள்விகள்: வளாகத்திலிருந்து ஓர் இலக்கிய இதழ்

தில்லி வாசகர்களின் கேள்விகளில் பல இம்முறை பல்கலைக்கழகமோ கல்லூரியோ நடத்தும் இலக்கிய இதழ் என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருந்தன. அவற்றை மட்டும் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: வெளிநாடுகளில் பல்கலைக்கழகங்களே இலக்கிய இதழ் நடத்துகின்றன என்கிறார்கள். நம் கல்லூரி ஆண்டு மலரும் அதுவும் ஒன்றுதானே? பெரிய பதிப்பகங்கள் அவற்றை ஏன் பொருட்படுத்துகின்றன?
— எம்.ஏ. மாணவி, முனீர்க்கா

ஒன்றே இல்லை. ஆண்டு மலரில் எழுதுகிறவரும் வளாகத்துக்காரர், படிக்கிறவரும் வளாகத்துக்காரர். முதல்வரின் வாழ்த்துரையும் விளையாட்டு விழாப் படங்களும் அதில் இருந்தே ஆக வேண்டும். பல்கலைக்கழக இலக்கிய இதழுக்கு நிறுவனம் தருவது ஓர் அறை, ஆசிரியருக்குச் சம்பளம், அச்சுச் செலவில் ஒரு பங்கு, வந்து குவியும் படைப்புகளை முதல் சுற்றில் படிக்க மாணவர்கள். பக்கங்களை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த வளாகத்தில் கால் வைக்காதவர்கள். சொந்த மாணவர்களின் படைப்பை ஏற்பதில்லை என்று விதி வைத்திருக்கும் இதழ்களும் உண்டு. எங்களைக் கேட்டால் மலரையும் இதழையும் பிரிக்கும் கோடு அந்த விதிதான்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சவுத் பல்கலைக்கழகம் நடத்தும் ‘சவானி ரிவ்யூ’ 1892 முதல் நிற்காமல் வருகிறது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘சதர்ன் ரிவ்யூ’ 1935-ல் தொடங்கி, 1942-ல் நின்று, 1965-ல் மறுபடி வந்தது. கென்யன் கல்லூரியின் ‘கென்யன் ரிவ்யூ’வுக்கும் அதே கதை: 1939-ல் தொடக்கம், 1970-ல் நிறுத்தம், 1979-ல் மறுபிறப்பு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1889-ல் தொடங்கிய ‘கிரான்ட்டா’ 1979-ல் புது வடிவெடுத்தது. பிறகு வளாகத்தை விட்டே வெளியேறி, சொந்தமாகப் புத்தகங்களும் போட ஆரம்பித்தது.

இவற்றில் பெரும்பாலானவை சில ஆயிரம் பிரதிகளைத் தாண்டுவதில்லை. பிறகு ஏன் மதிப்பு? அங்கே முகம் தெரியாத ஒருவர் பெரிய பதிப்பகத்துக்கு நேரடியாகக் கைப்பிரதி அனுப்பினால் பொதுவாக யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்; எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசும் இலக்கிய முகவர் வழியாகத்தான் போக வேண்டும். முகவர்கள் புதிய ஆட்களைத் தேடும் இடங்களில் இந்த இதழ்கள் முக்கியமானவை. நூற்றுக்கணக்கான கதைகளைப் படித்துத் தள்ளி, பத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை வேறொருவர் சம்பளத்தில் வேறொருவர் செய்துவைத்திருக்கிறார். அதைப் பயன்படுத்திக்கொள்ள யாருக்குக் கசக்கும்? இதற்கு மேல் ஆண்டுத் தொகுப்புகள் இருக்கின்றன. சிறந்த அமெரிக்கச் சிறுகதைகளின் தொகுப்பு வரிசை 1915 முதலும், ஓ. ஹென்றி பரிசுத் தொகுப்பு 1919 முதலும், சிற்றிதழ்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் உரிய புஷ்கார்ட் பரிசுத் தொகுப்பு 1976 முதலும் வருகின்றன. புஷ்கார்ட்டுக்கு ஓர் இதழாசிரியர் ஆண்டுக்கு ஆறு படைப்புகள் வரை பரிந்துரைக்கலாம். ஒரு கதை அந்த வாசலைத் தாண்டினால் எழுதியவருக்கு முகவரிடமிருந்து கடிதம் வர நல்ல வாய்ப்பு உண்டு.

தமிழில் இந்த வடிகட்டும் வேலையைச் செய்தவர்கள் கைக்காசு போட்ட தனி மனிதர்கள். 1933-ன் ‘மணிக்கொடி’, 1959-ன் ‘எழுத்து’, 1965-ல் இதே தில்லியில் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய ‘கணையாழி’ என்று எந்த இதழை எடுத்தாலும் அப்படித்தான். தமிழ்த் துறைகள் இவற்றை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட அளவுக்கு, இப்படி ஒன்றை எடுத்து நடத்த முன்வந்ததில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

கேள்வி: ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். இந்த மாதிரி அமெரிக்க இதழ்களுக்கு அனுப்ப என்ன செய்ய வேண்டும்? எழுத்தாளர் போனில் ‘தாராளமாகப் போடுங்கள்’ என்று சொல்லிவிட்டார்.
— மொழிபெயர்ப்பாளர், மயூர் விஹார்

போனில் சொன்னது போதாது. மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருக்குச் சொந்தமான தனி உரிமை; 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் அதில் இவை இருக்க வேண்டும்: கதையின் பெயர், முதலில் எங்கே எந்த ஆண்டு வெளியானது, எந்த மொழிக்கு அனுமதி, அச்சு இதழிலும் இணையத்திலும் வெளியிடலாமா, பின்னால் தொகுப்பில் சேர்க்கலாமா, சன்மானத்தில் யாருக்கு எவ்வளவு, எந்தெந்த நாடுகளுக்கு, எத்தனை ஆண்டுக்கு.

கடைசி இரண்டையும் எழுதத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் அனுமதியை வைத்துக்கொண்டு அமெரிக்க இதழுக்குப் போனால் அது செல்லாக் காசு. ‘உலகம் முழுவதும்’ என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். இன்னொன்றும் உண்டு: வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். இதழ்கள் பதில் சொல்லவே பல மாதம் எடுத்துக்கொள்வதால் ‘மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்தலாம்’ என்று வெளிப்படையாக எழுதிக்கொள்வது நல்லது.

எழுத்தாளர் மறைந்துவிட்டால் வாரிசுகளின் கையெழுத்து தேவை. இந்தியாவில் உரிமைக் காலம் ஆசிரியர் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். 1950-ல் மறைந்தவரின் எழுத்து 2010 டிசம்பர் 31-உடன் இங்கே பொதுவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதே கதை அமெரிக்காவில் உரிமைக்கு உட்பட்டதாக இருக்கலாம். பழைய வெளியீடுகளுக்கு அங்கே வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்று கணக்கு. 1940-களில் வந்த கதை என்றால், இங்கே காலம் முடிந்திருந்தாலும் வாரிசுகளிடம் ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

இனி அனுப்பும் முறை. பெரும்பாலான இதழ்கள் வருடம் முழுதும் கதவைத் திறந்து வைப்பதில்லை. கல்வியாண்டை ஒட்டி சில மாதங்கள் மட்டும் வாங்குவார்கள். கோடை விடுமுறையில் படிக்க மாணவர்கள் இருக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். படைப்பை ‘சப்மிட்டபிள்’ போன்ற தளத்தில் ஏற்ற வேண்டும். பல இடங்களில் 3 டாலர் அளவில் கட்டணம் உண்டு. மொழிபெயர்ப்புக்கும், கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் சில இதழ்கள் விலக்கு தருகின்றன, கேட்டுப் பாருங்கள். 12 புள்ளி எழுத்து, இரட்டை இடைவெளி, பக்க எண். மூலத்தின் தமிழ்ப் பிரதியைத் தனி பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்ளுங்கள், படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்பார்கள். கடிதத்தில் மூல ஆசிரியரைப் பற்றி மூன்று வரி, உங்களைப் பற்றி இரண்டு வரி, அனுமதி கையில் இருக்கிறது என்று ஒரு வரி. கதையின் மகிமையைப் பற்றி ஒரு பத்தி எழுதாதீர்கள்.

அந்த மொழிபெயர்ப்பை முகநூலிலோ வலைப்பூவிலோ ஏற்கெனவே போட்டிருந்தால் பல இதழ்களின் கணக்கில் அது ‘வெளியானது’. அவர்கள் கேட்பது முதல் வெளியீட்டு உரிமை என்பதால் அங்கேயே கதை முடிந்துவிடும்.

ஏற்றுக்கொண்டால் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவம் வரும். இதைப் பார்த்து மிரள வேண்டாம்; நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் ஒரு பக்கத் தாள்தான். வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண்ணை எழுதலாம். நிரப்பாமல் விட்டால் சன்மானத்தில் 30 சதவீதம் வரியாகப் பிடிக்க வாய்ப்புண்டு. காசோலையாக அனுப்பாமல் இணையம் வழியே செலுத்தும்படி கேளுங்கள். டாலர் காசோலையை இங்கே மாற்ற வாரக்கணக்கில் ஆகும். சிறிய தொகை என்றால் வங்கிக் கட்டணமே பாதியைத் தின்றுவிடும்.

கேள்வி: அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. பதிலே இல்லை. அதற்குள் வேறு இதழுக்கு அனுப்பினால் தப்பா?
— வாசகர், கரோல் பாக்

தப்பில்லை, அந்த இதழ் தன் விதிகளில் ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்பக்கூடாது என்று சொல்லாதவரை. ஏழு மாதம் வழக்கமான காலம்தான். இரண்டு மாணவர்கள் படித்து, துணையாசிரியர் படித்து, பிறகுதான் ஆசிரியரிடம் போகும். ஆகவே தாமதம் நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே மற்ற இடங்களிலிருந்து திரும்பப் பெறுங்கள். இரண்டு இதழில் ஒரே கதை வந்தால் இரண்டு ஆசிரியர்களும் உங்கள் பெயரை மறக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரித் தமிழ் மன்றம் சார்பில் அரையாண்டு இதழ் ஒன்று தொடங்க நினைக்கிறோம். பதிவு செய்ய வேண்டுமா? ஐ.எஸ்.எஸ்.என். எப்படி வாங்குவது?
— மாணவர்கள், தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகம்

முதலில் சட்டம். 1867-ன் பழைய அச்சகச் சட்டம் போய், 2023-ல் இயற்றிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் செய்தியோ அதன் மேலான கருத்தோ தாங்கி, குறித்த இடைவெளியில் வரும் வெளியீடு அதற்குள் வரும். புத்தகமும் அறிவியல், தொழில்நுட்ப, கல்விசார் வெளியீடுகளும் வராது. கதை, கவிதை, மொழிபெயர்ப்பு என்று இருக்கும்வரை உங்கள் இதழ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நடப்பு விஷயங்கள் பற்றித் தலையங்கம், பத்தி, விளம்பரம், சந்தா என்று போவதாக இருந்தால் பதிவு செய்துவிடுங்கள்.

விண்ணப்பம் ‘பிரஸ் சேவா’ தளத்தில், இணையம் வழியாகத்தான். பெயருக்கும் பதிவுக்கும் முன்போல இரண்டு தனி விண்ணப்பம் கிடையாது. தடுக்கி விழும் இடம் பெயர். இந்தியாவில் எங்கேயாவது தமிழில் அதே போன்ற பெயரில் இதழ் இருந்தாலும் கிடைக்காது. தில்லியில் வேறு எந்த மொழியில் இருந்தாலும் கிடைக்காது. ‘பூமி’, ‘சக்தி’ போல இந்திக்காரரும் வைக்கக்கூடிய பெயர்களில் ஆசை வைக்காதீர்கள். இரண்டு சொல் கொண்ட, தமிழில் மட்டும் பொருள் தரும் பெயர்களாக நான்கைந்து கையில் இருக்கட்டும். உரிமையாளர் கல்லூரி என்றால் முதல்வரின் அதிகாரக் கடிதம் வேண்டும். அதற்கு ஆகும் நாட்களையும் கணக்கில் சேருங்கள். பதிவு ஆன பிறகு ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். மாணவர் நடத்தும் இதழ்கள் மூன்றாம் ஆண்டில் இதை மறந்துவிடும், ஏனென்றால் தொடங்கியவர்கள் படிப்பு முடிந்து போயிருப்பார்கள். ஆகவே இந்தப் பொறுப்பை ஓர் ஆசிரியரிடம் கொடுங்கள்.

குறித்த இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு பொருளில் ஒரு தொகுப்பு என்று கொண்டுவந்தால் அது புத்தகம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் புத்தக அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இலவசமாக வாங்கிப் போடலாம். முதல் இரண்டு வெளியீட்டுக்கு இந்த வழியே எங்கள் பரிந்துரை. மூன்றாவதுக்கும் ஆள் நின்றால் பிறகு இதழாகப் பதிவு செய்யுங்கள்.

இதழ்களுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். வழங்கும் இந்திய மையம் உங்கள் ஊரிலேயே, சத்சங் விஹார் மார்க்கில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. இணையத்தில் விண்ணப்பித்து, அட்டை, உள் தலைப்புப் பக்கம், பொருளடக்கம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். அச்சுக்கு ஓர் எண், இணையப் பதிப்புக்குத் தனி எண். இதழின் பெயரை மாற்றினால் புது எண் வாங்க வேண்டும். எட்டு இலக்கத்தில் கடைசியானது சரிபார்ப்பு எண். முதல் ஏழு இலக்கத்தை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழித்தால் அது வரும். 10 வந்தால் எக்ஸ் என்ற எழுத்து, மீதி இல்லாவிட்டால் 0. உதாரணத்துக்கு 0378-595 என்ற ஏழுக்குக் கூட்டுத்தொகை 160, மீதி 6, ஆக எட்டாவது இலக்கம் 5. அட்டை அச்சுக்குப் போகுமுன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

இந்த எண் தரச் சான்றிதழ் கிடையாது. நூலகத்தில் இதழை அடையாளம் காண மட்டும்தான். அட்டையில் இதழின் பெயரைவிடப் பெரிதாக அதை அச்சடிக்கும் வழக்கம் நம்மவர்களிடம் எப்படி வந்ததோ.

கேள்வி: தில்லியில் தமிழ் அச்சடிப்பது கஷ்டம், சென்னையில் அடித்து ரயிலில் வரவழையுங்கள் என்கிறார்கள். உண்மையா? 500 பிரதிக்கு எவ்வளவு தாள் தேவை?
— இதழ்க் குழுவினர், ஆர்.கே. புரம்

நாராயணாவிலும் ஓக்லாவிலும் நல்ல அச்சகங்கள் இருக்கின்றன. இயந்திரத்துக்கு மொழி கிடையாது. சிக்கல் வேறு இடத்தில்: அங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. பக்கம் மாறினாலும், எழுத்து உடைந்தாலும், வரி காணாமல் போனாலும் அவர்கள் கண்ணில் படாது. அதற்கு ஏற்பாடு செய்துகொண்டால் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

தாள் கணக்கு. டெமி 1/8 அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், 128 பக்கம் என்று வையுங்கள். 23-க்கு 36 அங்குலத் தாள் ஒன்றில் இரு பக்கமும் சேர்த்து 32 பக்கம் அடங்கும். பிரதிக்கு 4 தாள், 500 பிரதிக்கு 2,000 தாள், அதாவது 4 ரீம். இயந்திரத்தில் மை சரிபார்க்கவும் பைண்டிங்கிலும் வீணாவதற்கு 5 முதல் 10 சதவீதம் சேருங்கள். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் என்றால் இந்த அளவில் ஒரு ரீம் சுமார் 18.7 கிலோ. சாவ்ரி பஜாரில் விலை கிலோவுக்குச் சொன்னாலும் ரீமுக்குச் சொன்னாலும் இந்த எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். எடை குறைந்தால் 60 ஜி.எஸ்.எம். தாளைத் தலையில் கட்டுகிறார்கள் என்று பொருள். பின் பக்க எழுத்து முன் பக்கத்தில் தெரியும்.

சேர்த்து அடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம், 128 என்றால் 8 ஃபாரம். ஒரு கவிதைக்கு இடம் போதாமல் 130 ஆக்கினால் அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனி பிளேட் (அச்சுத் தகடு), இயந்திரத்தில் தனி ஓட்டம், தனி மடிப்பு. கவிதையை அடுத்த இதழுக்குத் தள்ளுங்கள். 11 புள்ளி எழுத்து, 15 புள்ளி வரி இடைவெளி என்றால் டெமி பக்கத்தில் ஏறக்குறைய 200 தமிழ்ச் சொல் நிற்கும்; 2,500 சொல் கதைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பக்கம் என்று முதலிலேயே பங்கிட்டால் கடைசி வாரத்தில் இந்தத் தவிப்பு வராது. அட்டைக்கு 250 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு போதும். முதுகு சுமார் 6 மில்லிமீட்டர் வரும். சின்னதாக இதழின் பெயரும் எண்ணும் அதில் நிற்கும். 300 பிரதிக்குக் கீழே போவதாக இருந்தால் ஆஃப்செட்டை விட்டு டிஜிட்டலில் விலை கேளுங்கள்.

இனி எழுத்து. படைப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலும் யூனிகோடிலுமாகக் கலந்து வரும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே திருத்துங்கள். பாமினி போன்றவை ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவத்தை ஒட்டியவை என்பதால், மாற்றும்போது கட்டுரைக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் தமிழ்க் குப்பையாகிவிடும். மூலத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய தட்டச்சில் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்தவர்கள் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் சேர்த்து ‘கெளரவம்’ என்று அடித்திருப்பார்கள். இதைத் திருத்துகிறேன் என்று மொத்தமாக மாற்று என்ற பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். ‘தெளிவு’, ‘வெள்ளம்’ எல்லாம் சேர்ந்து நாசமாகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பை ‘வேர்ல்டு ரெடி’ என்ற வகைக்கு மாற்றாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வேலை தொடங்குமுன் ‘கெ கொ கோ கௌ ஸ்ரீ க்ஷ’ என்று ஒரு வரி அடித்துச் சோதியுங்கள். அது சரியாக வந்தால் மிச்சமும் வரும். முடிந்ததும் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். மட்டும் கொடுங்கள். அச்சக ஆபரேட்டர் பக்கம் அடுக்குவதற்காக அதைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் தமிழ் சிதறிவிடும், அவருக்கோ அது சிதறியது தெரியாது. திறக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிளேட் போடுமுன் மடித்த டம்மி (மாதிரிப் பிரதி) ஒன்று கேளுங்கள். வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்திலும் 1, 2, 3 என்று எண் இருக்கட்டும். தமிழ் எண் போட்டு அழகு பார்த்தால் பைண்டர் திணறுவார். டம்மியில் ஒரு பக்கத்தின் கடைசிச் சொல்லையும் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் 128 பக்கமும் முடிந்துவிடும். இதை வாட்ஸ்அப் படத்தில் செய்ய முடியாது, ஒருவர் நேரில் போக வேண்டும்.

கேள்வி: கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இத்தகைய இதழில் கதை வெளியானால் பதவி உயர்வுக்கு மதிப்பெண் உண்டா?
— வாசகி, லோதி காலனி

கதைக்குக் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் சொந்த வெளியீடுகளுக்கு என்றுள்ள மதிப்பெண் ஆய்வுக் கட்டுரைக்கும் நூலுக்கும்தான். மொழிபெயர்ப்புக்கு உண்டு: ஓர் இயல் அல்லது ஆய்வுக் கட்டுரைக்கு 3, முழு நூலுக்கு 8. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைத் தொகுத்த யு.ஜி.சி. கேர் பட்டியலில் இதழ் இருக்கிறதா என்று கேட்பதும் இப்போது பழைய கதை. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். மதிப்பெண்ணுக்காக இலக்கிய இதழில் ஆய்வுக் கட்டுரையைத் திணிக்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவார்கள். ஆசிரியர் குழு அதற்கு இடம் கொடுத்தால் நாலு இதழில் கதைக்கு இடமே இருக்காது.

கேள்வி: கல்லூரி பணம் தருகிறது. அப்படியானால் எதை வெளியிடலாம் என்று அவர்கள் சொல்வார்களா? ஒரு நாள் நிறுத்திவிட்டால்?
— வாசகர், துவாரகா

சொல்வார்கள், நிறுத்தவும் செய்வார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ‘சிகாகோ ரிவ்யூ’வில், மரபை மீறி எழுதிய பீட் தலைமுறை எழுத்தாளர்களின் படைப்புகள் வரத் தொடங்கி, ஒரு நாளிதழ்ப் பத்தியில் கண்டனம் எழுந்ததும், 1959-ன் குளிர்கால இதழை நிர்வாகம் தடுத்தது. ஆசிரியர்களில் பலர் விலகி, அதே படைப்புகளை ‘பிக் டேபிள்’ என்ற புது இதழாகக் கொண்டுவந்தார்கள். அதை அஞ்சல் துறை பிடித்துவைக்க, 1960-ல் நீதிமன்றம் ஆபாசம் இல்லை என்று தீர்ப்பளித்தது. பணக் காரணங்களுக்குச் சான்று இன்னும் அண்மையில் கிடைக்கும். 1988 முதல் நல்ல பெயரோடு வந்த ‘கெட்டிஸ்பர்க் ரிவ்யூ’வை மூடுவதாக அதன் கல்லூரி 2023-ல் அறிவித்தது.

ஆகவே நட்பு நன்றாக இருக்கும்போதே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். இதழின் பெயர் யாருக்குச் சொந்தம், நிறுத்தினால் அந்தப் பெயரை ஆசிரியர் குழு எடுத்துக்கொள்ளலாமா, பழைய இதழ்களின் கோப்புகள் யாரிடம், இணைய முகவரி யார் பெயரில், சந்தா பாக்கியை யார் திருப்பித் தருவது, படைப்புத் தேர்வில் கடைசிச் சொல் யாருடையது என்ற ஆறு விஷயங்கள் போதும். இணைய முகவரியை மாணவர் ஒருவரின் சொந்தக் கார்டில் வாங்கிவிட்டு, அவர் வேலைக்குப் போனதும் புதுப்பிக்காமல் பத்து இதழின் சேமிப்பையும் தொலைப்பதுதான் அதிகம் நடப்பது. அதற்குத் தணிக்கை எதுவும் தேவையில்லை.

கேள்வி: சந்தாதாரர்களுக்கு அனுப்ப மலிவான வழி எது? மிச்சப் பிரதிகளை எங்கே கொடுப்பது?
— வாசகர், ஜனக்புரி

வார, மாத இதழ்களுக்குக் கிடைக்கும் காசுக் கணக்கிலான அஞ்சல் சலுகை 31 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் வருபவற்றுக்கு உரியது. காலாண்டு, அரையாண்டு இதழுக்கு அந்தப் பேச்சே இல்லை. பலரும் நம்பியிருந்த பதிவுப் புத்தக அஞ்சலும் 2024 டிசம்பரில் நின்றுவிட்டது. 2025 மே 1 முதல் வந்திருக்கும் ‘ஞான் போஸ்ட்’ 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்குகிறது. மேலே சொன்ன 128 பக்க இதழ் உறையோடு 170 கிராமுக்குள் வரும். ஆனால் வியாபார விளம்பரம் உள்ளவற்றை அதில் ஏற்பதில்லை; அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயரும் உள்ளே இருக்க வேண்டும். ஐநூறையும் கட்டிக்கொண்டு போவதற்கு முன், ஒரு பிரதியை கவுன்டரில் காட்டி ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். தில்லிக்குள் என்றால் தமிழ்ச் சங்கக் கூட்டங்களிலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளி விழாக்களிலும் நேரில் கொடுப்பதே லாபம்.

மிச்சத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முதலில் நான்கு பிரதியை எடுத்துத் தனியாக வையுங்கள். 1954-ன் நூல் வழங்கல் சட்டப்படி புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகிய நான்குக்கும் வெளியிடுகிறவர் தன் செலவில் ஒவ்வொரு பிரதி தர வேண்டும். பருவ இதழ்களும் பின்னர் இந்தச் சட்டத்துக்குள் வந்தன. நாலாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.